பெல் டீச்சரின் நட்சத்திரங்கள்

எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் மின்சார மணி கெட்டுப்போனது. சரிசெய்ய எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்று "பீரியட் முடிஞ்சுது" என்பார். மாடியில் கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைப்பார். அன்றிலிருந்து அவர் பெல் டீச்சர், எனக்கு மட்டும் அக்கா. நான் பக்கத்து இரண்டாம் வகுப்பு டீச்சர். நடுவில் ஒரு மரத்தடுப்புதான். பதினோரு வருஷமாக அவர் நடத்தும் பாடத்தை நானும் கேட்டுத் தொலைக்கிறேன்.

ஒரு குழந்தை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் அக்காவுக்குப் பொறுக்காது. உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். "பாவம், புள்ள முழிக்குதுல்ல" என்பார். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான நாளிலிருந்து தான் ஒரு வாக்கியத்தைக்கூட முடித்ததில்லை என்று அவர் கணவர் ஒருமுறை என்னிடம் சொல்ல வந்தார். பாதியை அவர் சொன்னார், மீதியை அக்கா சொன்னார்.

இப்படிப்பட்டவர் வகுப்புக்கு இருபத்துநான்கு டேப்லெட்டுகள் வந்து சேர்ந்தன. திரையில் ஒரு வரி வரும். குழந்தை உரக்கப் படிக்க வேண்டும். டேப்லெட் காது கொடுத்துக் கேட்டு, சரியாக இருந்தால் 'டிங்' என்று ஒரு நட்சத்திரம் கொடுக்கும். முதல் நாள் அக்கா அதை ஒரு விரலால் தொட்டுவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே டிங் டிங். எனக்கு வயிற்றெரிச்சல், மறைப்பானேன். எல்லாரையும் முந்தி நின்றது பஞ்சு. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது என்பதால் அந்தச் சிறுமிக்கு அப்படிப் பெயர்.

பாராட்டக் கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா நேரில் வந்தார். முதலிடம் யாரோ அந்தப் பிள்ளை படிக்கட்டும் என்றார். பஞ்சு திரையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, சாவகாசமாகக் காத்திருந்தாள்.

"மழை பெய்தது" என்றார் அக்கா, பழக்கதோஷம். டிங்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஸ்டார் யாருக்கு டீச்சர்?"

 நட்சத்திரங்களையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து வருவேன், பிள்ளைகள் சொந்தமாகப் படிக்காவிட்டால் டேப்லெட்டுகள் வேறு பள்ளிக்குப் போகும் என்றார்.

மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "ரெண்டு மாசமா நான் ஒருத்தியே ஒன்னாங்கிளாஸ் பாஸ் பண்ணியிருக்கேன். டேப்லெட் போனா போகுது. பஞ்சுவுக்கு ஒரு வார்த்தகூடப் படிக்க வரல. நான்தான் வரவிடல."

அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு வாசலில் போய் நின்றார். அங்கிருந்தே எடுத்துக் கொடுத்தார், டிங். தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார், அங்கிருந்தும் டிங். "வாயில தண்ணிய ஊத்திக்கிட்டு நில்லுங்கக்கா" என்று எரிச்சலில் நான் கத்திவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தார். படிக்கும் நேரம் முழுக்க வாய் நிறையத் தண்ணீர், கன்னம் இரண்டும் உப்பி. "டீச்சருக்குப் பல்வலியா?" என்று ஒருவன் கேட்டான். கடினமான சொல் வந்தால் மடக்கென்று விழுங்கிவிட்டுச் சொல்லித் தொலைப்பார், மறுபடி நிரப்புவார். முதல் வாரம் பாடம் நடத்தியதைவிடப் பாத்ரூமுக்கு நடந்ததுதான் அதிகம். இரண்டாம் வாரம் விழுங்குவது குறைந்தது. மூன்றாம் வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிங் கேட்டது, குழந்தைகளின் சொந்த டிங். பஞ்சுவுக்கு மட்டும் ஒன்றுகூட விழவில்லை. தினமும் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். நானும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். நாலைந்து பேர் திக்கித் திணறிப் படித்தார்கள், டிங் விழுந்தது. "பழைய முதலிடம் எங்கே?" என்றார் அதிகாரி.

பஞ்சு முன்னால் வந்தாள். திரையில் 'தவளை குதித்தது' என்று இருந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள். அக்கா உப்பிய கன்னத்தோடு நின்றார். நிமிஷம் ஒன்று போயிருக்கும். எனக்குத் தாங்கவில்லை. "தவ..." என்று வாயைத் திறந்தேன். அக்கா பாட்டிலை என் வாயில் திணித்தார். இத்தனை நாள் அவரைக் கேலி செய்த நான், அவர் பக்கத்திலேயே கன்னம் உப்பி நின்றேன்.

பஞ்சு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வழி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். திரைக்குத் திரும்பி, எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள்.

"த... வ... ளை. தவளை. கு... தித்... தது."

டேப்லெட் ஒரு நொடி யோசித்தது. டிங்.

அக்காவின் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. வாயிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை.

"இத எப்படி டீச்சர் சாதிச்சீங்க?" என்றார் அதிகாரி. அக்கா கையை ஆட்டினார், கன்னத்தைக் காட்டினார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பஞ்சு அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சர் வாயில தண்ணி இருக்கு மேடம். அவங்களால பேச முடியாது. பாவம். நான் சொல்றேன்."