வாப்பா மாதிரி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். வேலை போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கைகொடுக்க நாங்கள் ஆறு பேர். அரிசி பருப்புப் பை கட்ட ஒருவர், பிள்ளைகளின் படிப்பு விஷயம் பார்க்க ஒருவர். வேலை தேடித் தருவது என் பொறுப்பு. நான் ஓய்வு பெற்ற குமாஸ்தா, வேறு என்ன தெரியும். நான் எழுதிப் போட்ட விண்ணப்பம் வீண்போகாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண்டைக்கனம்தான்.

வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியிருந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவருக்கு, கிழக்கே ஒரு நாட்டில் கணினி வேலை என்று வந்த விளம்பரத்தைக் காட்டி எழுதிப் போட்டேன். ஏஜெண்ட் தேனொழுகப் பேசினார். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பதினைந்தே நாளில் மேலப்பாளையத்துக்காரர் விமானம் ஏறிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. வகுப்பறையில் எல்லோரும் கேட்கப் போட்டுக்காட்டினேன்.

"வேலை நல்லா இருக்கு அண்ணாச்சி. எங்க வாப்பா மாதிரி பாத்துக்கிடுதாங்க. இன்னும் ஆள் இருந்தா அனுப்பச் சொல்லுதாங்க."

பெற்ற அப்பாவைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றதும் கைதட்டினார்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவரும் களக்காட்டுக்காரர் ஒருவரும் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அவர்களுக்கும் டிக்கெட் வந்துவிட்டது.

டிக்கெட் வந்த செய்தியை நான் அறிவித்த அன்று, மேலப்பாளையத்துக்காரரின் மனைவி அரிசிப் பையை வாங்காமல் நின்றார். கூட்டம் கலைந்ததும் மெதுவாக என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, அவங்க வாப்பா எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுல்லா?"

"சொல்லும்மா."

"சின்ன வயசுல அறைக்குள்ள போட்டுப் பூட்டிருவாராம். சோறு கிடையாது. பெல்ட்டால அடிச்ச தழும்பு இன்னும் முதுகுல கிடக்கு. வாப்பா பேச்சையே எடுக்க மாட்டாங்க."

அந்தக் கிழக்கு நாடுகளில் வேலைக்கு என்று வரவழைத்த ஆட்களை அடைத்துவைத்து, போனில் ஊராரை ஏமாற்றிப் பணம் பறிக்க வைக்கிறார்கள் என்று செய்தியில் படித்திருந்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவன் நான்.

"அந்த ரெண்டு பேரையும் நிப்பாட்டிருங்க. ஆனா காரணத்தைச் சொல்லிராதீங்க. இவங்க வாப்பா பேரை வச்சு மறைச்சுச் சொல்லிட்டாங்கன்னு அங்கன தெரிஞ்சா என்ன செய்வாங்களோ."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே நானும் அவருமாகப் போலீஸுக்குப் போய்ப் புகாரும் எழுதிக் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள்.

போக வேண்டாம் என்று சொன்னதும் கல்லிடைக்குறிச்சிக்காரர் கேட்டுக்கொண்டார். களக்காட்டுக்காரர் மசியவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே போனேன். வியாழக்கிழமைப் பயணத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தார். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி காயப்போட்ட துணியை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்.

"போகாதீரும்னா என்ன காரணம்? அதைச் சொல்லும் வே."

"காரணம் கேக்காதீரும்."

"உமக்கு ஆளைப் பாத்துத்தான் உதவி. இப்பம்லா தெரியுது."

கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அந்த வாப்பா கதை முழுவதையும் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தலையாட்டினார்.

நான் வந்த பஸ் பாதி வழி தாண்டுவதற்குள் அவர் ஏஜெண்டைக் கூப்பிட்டு ஏசியிருக்கிறார். எங்களையும் அடைத்துவைத்து அடிக்கப் பார்க்கிறாயா, போனவர் தன் வீட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று. மறுநாள் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

"நல்லாக் கேட்டு விட்டுட்டேன் அண்ணாச்சி."

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மேலப்பாளையத்துக்காரரின் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. நான்கு மாதம் ஆகிறது. தூதரகத்துக்கும் எழுதியாயிற்று. இனி ஒருவருக்கும் விண்ணப்பம் எழுதுவதில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, இப்போது பை கட்டுகிறேன்.

நடந்ததை மேலப்பாளையத்துக்காரரின் மனைவியிடம் நானே சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் தேவலை. கேட்டுக்கொண்டு போனவர், அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். போன வாரம் பையை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த ரெண்டு பேரும் ஊர்லதான இருக்காங்க அண்ணாச்சி? வேலை எதுவும் கிடைச்சுதா?"

இன்னும் இல்லை என்றேன்.