அண்ணன் தட்டிவிட்ட பாட்டில்

என் மகள் நிர்மலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் முதலில் ஓடியது ஆஸ்பத்திரிக்கு அல்ல, எங்கள் மாதா கெபிக்குத்தான். சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். குகைபோல் கட்டி மாதா சிலை வைத்த இடம்தான் கெபி. அதற்குப் பின்னால் பாறையிடுக்கில் ஓர் ஊற்று கசிகிறது, கோடையிலும் வற்றாது. உடம்பு சுட்டால் அந்தத் தண்ணீரால் நெற்றியில் சிலுவை போட்டு, ஒரு வாய் குடிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். போன ஆவணியில், மாதா திருவிழா முடிந்த கையோடு வந்த காய்ச்சலுக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஊசி போட்டோம், கேட்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, சரியான வாயாடி, பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயம். தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைபாய்டு என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கொஞ்சம் தெளிந்தாள். பிறகு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. காய்ச்சலும் மறுபடி ஏறியது.

டாக்டரம்மா கேட்டார். “வெளித் தண்ணி ஏதாச்சும் குடுக்கறீங்களாம்மா?”

“இல்லீங்க மேடம். ஒரு சொட்டு கூட இல்லீங்க.”

நான் பொய் சொல்லவில்லை. என் கூடையில் ஊற்றுத் தண்ணீர் பாட்டில் இருந்தது. செபமாலை முடியும்போதெல்லாம் அவள் வாயில் ஒரு மூடி ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது வெளித் தண்ணீர் என்று என் புத்திக்கு உறைக்கவே இல்லை. அது மாதாவின் தண்ணீர் அல்லவா? தீர்ந்தால் என் வீட்டுக்காரர் அருளப்பன் ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவார்.

பிள்ளையின் கண் குழிக்குள் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அன்று மத்தியானம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். “இத்தன வருசம் உன் கெபியக் கூட்டிப் பெருக்குனேனே, இதான் எனக்குக் கூலியா? எங்க தப்புன்னு காட்டு. காட்டலேன்னா நீயும் என்ன ஏமாத்துனவதான்” என்றேன். மாதாவிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். பேசினேன்.

அழுதுகொண்டே பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றினேன். அவள் உதட்டருகே கொண்டுபோகும்போது என் அண்ணன் சவரிமுத்து உள்ளே வந்தார். கெபியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். மருமகளைப் பார்க்க சாத்துக்குடியோடு வந்தவர், பையைக் கீழே போட்டுவிட்டு என் கையைத் தட்டிவிட்டார். பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“குடுக்காத ராணி! அதக் குடுக்காத!”

“ஏண்ணா? மாதா தண்ணிண்ணா இது.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கக்கூஸ் தண்ணி எறங்கியிருக்குது. சுகாதாரத்துல இருந்து வந்து, தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்தாங்க. கிருமி இருக்குது, யாரும் குடிக்க வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“கொடியேத்தத்துக்கு முன்னாடி.”

முந்தின வருசமே, திருவிழாவுக்கு வருகிறவர்களுக்காகக் கெபிக்கு மேலே சரிவில் கழிப்பறை கட்டிக் குழி தோண்டியிருந்தார்கள். மழையில் அந்தக் கழிவு ஊற்றில் இறங்கிவிட்டது. பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. வெளியே சொன்னால் திருவிழாவுக்கு ஆள் வராது, கெபிக்குக் கெட்ட பெயர் என்று அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அருளப்பன் வந்து நிரப்பியதையும் பார்த்திருக்கிறார். நெற்றியில் தடவத்தான் என்று நினைத்தாராம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. திருவிழாவுக்கு முன்பிருந்தே அவர் வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “உங்க அண்ணனுக்கு வயிறு சரியில்ல” என்று அண்ணி சொன்னார். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவரே இப்படிச் செய்தால் நான் யாரை நம்புவது? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன், வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “இதத்தாம்மா அன்னிக்கே கேட்டேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்தை மாற்றினார். கொதித்து ஆறின தண்ணீரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். மெல்ல மெல்ல வயிற்றுப்போக்கு நின்றது, காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் நிர்மலா இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு, “இத நீயே தின்னும்மா, கல்லு மாதிரி இருக்குது” என்றாள். நான் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டேன்.

எங்கே தப்பு என்று கேட்டேன், கேட்ட வாயை மூடுவதற்குள் மாதா காட்டினாள். அதுவும் மறைத்தவர் கையாலேயே. அவர் அன்றும் பேசாமல் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இதை மாதாவின் செயல் என்று நான் சொல்வேன்.

ஊருக்கு வந்ததும், ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கலைவதற்குள் அண்ணனையே மைக்கில் சொல்ல வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, தங்கள் வீட்டுக் காய்ச்சலுக்குக் காரணம் புரிந்து பல தாய்மார் அழுதார்கள். கழிப்பறைக் குழியை மூடிவிட்டோம். ஊற்றுத் தண்ணீரை இப்போது யாரும் குடிப்பதில்லை.

அன்பானவர்களே, மாதாவிடம் கேளுங்கள். கோபமாக வேண்டுமானாலும் கேளுங்கள், அவள் தாய், தாங்கிக்கொள்வாள். ஆனால் டாக்டர் கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று பங்குச் சாமியார் கேட்டார். “அதையும் மாதாகிட்டக் கேட்டிருக்கேங்க சாமி” என்றேன். மகளைக் கேட்டேன், தந்தாள். இதையும் தருவாள். இன்னும் தரவில்லை.