கை தூக்கினால் மஹ்பூபா அக்கா வருவார்

பினாங்கில் ஏது குளிர்காலம் என்று சிரிக்காதீர்கள். எங்களுக்கு உண்டு. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடியும்வரை, பீச் ஸ்திரீட் மூன்றாம் மாடியில் இருக்கிற எங்கள் ஆபீசுக்கு அது போனில் வரும்.

தெற்கே ஒரு குளிர்நாடு. அங்கே வீட்டைச் சூடாக்கும் மெஷின் விற்கிற கம்பெனிக்குப் புகார் கேட்பவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். மெஷின் நின்றுபோன வீட்டிலிருந்து நடுங்கிக்கொண்டே கூப்பிடுகிறவன் கொஞ்சவா செய்வான்? காலை ஆறு மணிக்கே காது கூசும். ஆனால் போனை நாங்கள் முதலில் வைக்கக்கூடாது. அது கம்பெனி சட்டம்.

எங்கள் சூப்பர்வைசர் மஹ்பூபா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரும் போன் எடுத்து வந்தவர்தான். ஒருமுறை ஒருத்தன் நாற்பது நிமிஷம் அவரைத் திட்டித் தீர்த்தானாம். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து உட்கார்ந்தாராம். என்ன ஆச்சு என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஆன முதல் நாளே எங்களிடம் சொன்னார்:

"தாங்க முடியலன்னா கை தூக்குங்க. நான் வந்து எடுத்துக்கிறேன். ஏன்னு கேட்க மாட்டேன்."

ஏழு வருஷம் எங்கள் எல்லாருக்கும் விழவேண்டிய திட்டை அவர் வாங்கினார். எடுத்து முடித்ததும், பாலிக் புலாவிலிருந்து வாங்கி வைத்திருக்கும் ஜாதிக்காய் ஊறுகாய் டின்னை நம் பக்கம் தள்ளுவார். புளிப்பில் கண் சுருங்கும். அடுத்த போனை எடுத்துவிடலாம்.

மேலிடம் என்ன செய்தது தெரியுமா? போன ஜூலையில் 'குளிர்கால நல வாரம்' என்று மஞ்சள் பலூன் கட்டி, கோபம் வந்தால் பிசைவதற்கு ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தது. எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பந்தை மேனேஜர் தயாளன் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

அந்த வாரம் புதன்கிழமைதான் அது நடந்தது. பிரமிளா சேர்ந்து மூன்று மாதம். சுங்கை பாக்காப் ஊர்க்காரி, நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். வேலை செய்த ஃபாக்டரியை மூடிவிட்டதால் இங்கே வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். போனை நாமாக வைக்கவும் கூடாது, ஆனால் ஒரு போனுக்கு ஏழு நிமிஷம்தான் கணக்கு. அதைத் தாண்டியதற்கு ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி வாங்கியிருந்தாள். மூன்றாவது விழுந்தால் வீட்டுக்குத்தான்.

ஒன்பது மணிக்கு ஒரு கிழவியம்மா கூப்பிட்டார். தனியாக இருக்கிறாராம். ராத்திரியே மெஷின் நின்றுவிட்டதாம். பேச்சு குழறியது. பிரமிளா அக்காவைப் பார்த்து, "நாக்கு பொரளலக்கா" என்றாள். அக்கா உடனே அந்த ஊர் ஆபீசைப் பிடித்து ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார். பனியில் ரோடு மோசம், நேரமாகும் என்றார்கள்.

அதுவரை அந்த அம்மா தூங்கிவிடக்கூடாது. பிரமிளா ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தாள். என்ன பேசுவாள் பாவம், நம் ஊர் ஆள் கேட்கிறதைத்தான் கேட்டாள். சாப்பிட்டாச்சா? வெறும் ரொட்டியா? ஐயோ, அது எப்படிப் பத்தும், ஆன்ட்டி?

'ஆன்ட்டி' என்று கூப்பிடவே கூடாது. 'மேடம்'தான்.

சுவர்த் திரையில் நிமிஷம் சிவப்பாகி ஓடியது. பதினைந்து. இருபத்தைந்து. தயாளன் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"வைக்கச் சொல்லுங்கக்கா. லைன்ல முப்பது பேர் நிக்கிறாங்க, லா!"

அக்கா பிரமிளாவிடம் குனிந்தார். "நான் எடுத்துக்கட்டுமா?"

"வேணாக்கா. குரல் மாறுனா பயந்துருவாங்க."

அக்கா நிமிர்ந்து, தயாளனுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

முப்பத்தெட்டாவது நிமிஷம் அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "ஆன்ட்டி? ஆன்ட்டி?" பிரமிளா எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று தெரியாது. என் லைனில் ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். அவன் சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. ஒரு வழியாகக் கதவு உடைகிற சத்தமும் ஆட்களின் குரலும் அவள் காதில் கேட்டனவாம். மூச்சு இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொல்லிப் போனை வைத்தாராம்.

அப்புறம்தான் பிரமிளா கை தூக்கினாள். லைனில் ஆளே இல்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"நாப்பத்தொரு நிமிஷம். அதுல ஆன்ட்டி வேற," என்றார் தயாளன். "யாரு பெர்மிஷன் கொடுத்தது?"

"நான்தான் பேசச் சொன்னேன். ஆன்ட்டின்னு கூப்பிடச் சொன்னதும் நான்தான். என் பேர்ல எழுதுங்க."

பொய். தயாளனுக்கும் தெரியும். தெரிந்தே எழுதினார்.

வெள்ளிக்கிழமை பிரமிளாவுக்கு வேலை நிரந்தரமானது. திங்கட்கிழமை அக்காவின் சூப்பர்வைசர் மேஜையைக் காலி செய்யச் சொல்லி, என் பக்கத்தில் ஒன்பதாம் நாற்காலியில் போன் எடுக்க உட்காரவைத்தார்கள். அன்று காலையே ஒருத்தன் அவரைப் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரம் ஆயிற்று. அக்காவின் கழுத்து நரம்பு துடித்தது. கை மட்டும் மேஜையிலேயே இருந்தது. யாரைப் பார்த்துத் தூக்குவார்? புது சூப்பர்வைசர் இன்னும் வரவில்லை.

பிரமிளா எழுந்து வந்தாள். தயாளன் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. ஏன்னு கேட்க மாட்டேன்."

ஏழு வருஷத்தில் மஹ்பூபா அக்கா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜாதிக்காய் டின்னைத் தேடி எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.