அரை மைல் மைசூரும் ஒரு சட்டசபைக் கேள்வியும்

சட்டசபையை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஆயிரம் பேர் வழி சொல்வார்கள். ஒரு குறையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், நானும் என் அக்கா வீட்டுக்காரர் முனியப்பா மாமாவும் ஓசூரிலிருந்து மெட்ராஸ் போய்வந்ததை எழுதுகிறேன்.

போன காரணம் ஏழு மூட்டை ராகி. மாமாவின் காடும் மெட்ராஸ் ராஜ்யம், வீடும் மெட்ராஸ் ராஜ்யம். நடுவில் இருக்கும் வண்டிப்பாதை மட்டும் அரை மைல் மைசூருக்குள் புகுந்து வெளியே வரும். பர்மிட் இல்லாமல் தானியம் ராஜ்யம் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம். களத்திலிருந்து வீட்டுக்குப் போன வண்டியை எல்லையில் மெட்ராஸ் சர்க்கார் செக்போஸ்டில் மடக்கி, கடத்தல் என்று எழுதி, மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை ஏலம் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வீட்டில் ஆறு வாய். அடுத்த அறுவடை வரை களிக்கு அந்த ராகிதான்.

ஓசூர் பயணியர் விடுதிக்கு வந்திருந்த எங்கள் எம்.எல்.ஏ.விடம் முறையிட்டோம். "மனு கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "கொடுத்துட்டோமுங்க" என்றார் மாமா. அந்த நம்பிக்கையில் அவர் சபையில் கேள்விக்கு நோட்டீஸ் கொடுத்தார். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை கேள்வி வருகிறது, நீங்கள் வந்தால் பாஸ் தருகிறேன் என்று கார்டு வந்தது.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஓசூரில் பஸ். கிருஷ்ணகிரி முப்பத்திரண்டு மைல், ஒரு ரூபாய். டிரைவர் தெரிந்தவர். "ஏழு மூட்டைக்கு மெட்ராஸா? ஏலத்துல நீயே எடுத்துட்டா பஸ் சார்ஜாவது மிச்சமாவும்" என்று சீண்டினார். "என் ராகிய நானே வாங்கணுமா? நல்லாருக்குது உன் நியாயம்" என்றார் மாமா. 

எட்டேகாலுக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கி இட்லி தின்றோம். ஜோலார்பேட்டைக்கு வேறு பஸ், பதினைந்து அணா. அங்கிருந்து ரயிலில் நூற்று முப்பத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்பு, மூன்றரை ரூபாய். இந்தக் கணக்கெல்லாம் இப்போது யாருக்கும் உதவாது. ஆனால் வண்டி ஏறுமுன் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், அது என்றைக்கும் உதவும்.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சபை கூடியது. முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. கேள்வி முன்பே அச்சாகி எல்லார் கையிலும் இருக்கும். மெம்பர் எழுந்து எண்ணைச் சொன்னால் மந்திரி பதிலை வாசிப்பார். அதற்கு மேல் மடக்கிக் கேட்பது உபகேள்வி, சாமர்த்தியமெல்லாம் அதில்தான்.

எல்லைக் கிராமத்து விவசாயிகளின் சொந்தத் தானியம் பறிமுதலாவது சர்க்காருக்குத் தெரியுமா என்பது எங்கள் கேள்வி.

"அப்படிப்பட்ட புகார் எதுவும் சர்க்காருக்கு வரவில்லை" என்று மந்திரி வாசித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பார்வையாளர் மாடத்தில் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் எம்.எல்.ஏ. விடவில்லை. "மனு கொடுத்திருக்கிறார்கள். நகலைக் காட்டினால் மந்திரி கவனிப்பாரா?" என்றார். "காட்டினால் கவனிக்கிறேன்" என்று பதில் வந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எல்லாம் மூன்று நிமிடம்.

வெளியே வந்த எம்.எல்.ஏ.விடம் வராந்தாவில் மாமா மடியிலிருந்து மனுவின் நகலை எடுத்து நீட்டினார். கன்னடத்தில் இருந்தது. கீழே மைசூர் அமல்தார் கச்சேரியின், அதாவது அந்தப் பக்கத்துத் தாசில்தார் ஆபீசின், முத்திரை.

"யோவ், இது மைசூர் சர்க்காருக்குக் கொடுத்த மனுய்யா" என்றார் எம்.எல்.ஏ.

"ரோடு அவுங்களுதுங்களே. தகராறே ரோட்டாலதான். அதான் ரோட்டுக்காரங்ககிட்டயே கொடுத்துட்டோம்."

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் சந்தை, சம்பந்தம், சாவு எல்லாமே இரண்டு ராஜ்யத்திலும்தான். எந்தக் கச்சேரி பக்கமோ அங்கே போவதுதான் வழக்கம். ஆக, மந்திரி சொன்னது நிஜம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பேப்பர எடு. இப்பவே எழுது" என்று எம்.எல்.ஏ. என் பக்கம் திரும்பினார். பெஞ்சில் வைத்து, ஏழு மூட்டையையும் ஏலம் விடாமல் திருப்பித் தர வேண்டும் என்று தமிழில் எழுதினேன். மாமா கையெழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் ஒன்றரை மணிக்கு வந்து, கலெக்டருக்குத் தந்தி போகிறது என்றார். மாமா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை செக்போஸ்டில் உத்தரவு வந்திருந்தது. மூட்டைகளை ஏற்றி மாமா வண்டியைப் பூட்டினார்.

"எந்த வழியா போறீங்க?" என்றார் அதிகாரி.

"வண்டிக்கு இருக்கறது ஒரே வழிதானுங்களே."

"மூட்டைய விடச் சொல்லித்தான் போட்டிருக்குது. மைசூர் தாண்டலாம்னு போடலியே."

அவரைத் திட்டி என்ன பயன்? மனுவை எழுதியவன் நான்.

காளை ஏறாத கரட்டின் மேல், கல்லும் மேடுமான ஒற்றையடிப் பாதை ஒன்று மெட்ராஸ் மண்ணிலேயே வீடு வரை போகிறது. மூட்டைகளைப் பாதியாகப் பிரித்து மாமாவும் அக்காவும் நானும் தலையில் சுமந்தோம். ஐந்தரை மணிக்குக் கடைசிச் சுமையை இறக்கிவிட்டு அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவ்ளோ தொலவு போனியேடா, ரோட்டையும் சேத்துக் கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

ஆகவே குறையோடு போகிறவர்களே, முதலில் மனு உங்கள் சர்க்காருக்குத்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். நகலை எம்.எல்.ஏ.விடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கேட்பதை எழுதி முடித்ததும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது கிடைத்தபின் வீடு போய்ச் சேர என்ன வேண்டும் என்று இன்னொரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை நான் எழுதாததற்குப் பதினான்கு சுமை கரடேறியது.