நூல்கடைத் தராசில் அக்கா

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் கண் திறக்கவில்லை. இரண்டாவதற்குப் பிறகு அவள் உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவள் புகுந்த வீட்டார், ஒரு நாள் செல்லூரில் எங்கள் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"வயித்தைக் கொழுப்பு மூடிக்கிடக்குன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. உடம்பு இளைக்கட்டும், நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றாள் அவள் மாமியார். மச்சான் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

எனக்கு அந்த ஒரு சொல் போதும். மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தேன். டிரில் டீச்சரிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் கெஞ்சி வாங்கி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சோறு ஒரு வேளைதான், எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது, விடியுமுன் நடை. வைகை மணலில் கால் புதையப் புதைய அக்காவை நடத்தினேன். அவள் மூச்சுவாங்க நின்றால் முன்னால் ஓடிப்போய்க் கைதட்டிக் கூப்பிடுவேன்.

"எருமையா ஓட்டுற? எருமைன்னாக்கூட இந்நேரம் கம்மாயில படுத்திருக்கும்டி" என்பாள்.

அப்பா நூல்கடையில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது சாவியோடு எங்களை அழைத்துப் போவார். நூல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும். ஒரு பக்கப் பலகையில் அக்கா உட்காருவாள், மறுபக்கம் நான் எடைக்கல் வைப்பேன். அப்பா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

"பேசாம ஒரு சாக்கைப் போட்டுத் தச்சு, மூட்டையோட மூட்டையா ரயிலேத்தி விட்டுருங்க" என்று அக்கா சிரிப்பாள். சிரிக்கும்போது சங்கிலியை இறுகப் பிடித்திருப்பாள்.

ஆடி மாதம் முழுக்கக் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒவ்வொரு கல்லையும் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினேன். பிறகு நின்றுவிட்டது. புத்தகத்துக் கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு சின்னக் கல்தான் பாக்கி. அதை எடுத்தவுடனே அக்காவின் பலகை தடாலென்று தரையில் இடிக்கும். மறுபடி வைப்பேன். ஆவணியிலும் அப்படியே, புரட்டாசியிலும் அப்படியே.

நான் விடுவேனா? ராத்திரிக்கு மோர் மட்டும் என்றேன். நடையைக் கூட்டினேன். அக்காவின் கன்னம் ஒட்டியது, கண்ணுக்குக் கீழே கறுத்தது, கல் மட்டும் அசையவில்லை. ஒரு விடியலில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்துத் தண்ணிகூட வத்திருச்சு. நான் வத்த மாட்டேங்குறேனே" என்று அழுதாள். என்ன தின்றாய் என்று தினமும் கேட்பேன். அவள் ஒளிக்காமல்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் அம்மா உளுந்தங்களி உருட்டிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி போட்டுக் கிண்டிய கறுத்த உருண்டை. நடுவில் கட்டைவிரலால் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"என்னக்கா இது?"

"மருந்துடி" என்றாள் அக்கா. பொய் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் களி மருந்து. சாப்பாட்டுக் கணக்கில் அதை எங்கள் பக்கத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

"தினமுமா?"

"பெறகு? ஆடி முடிஞ்சதுலருந்து தினமுந்தான். மருந்தை நாள் கெழமை பாத்தா குடுப்பாக?" என்று அம்மா சீறினாள். "நீ கொழுப்பைக் கரைக்கிற. வயித்துல ஒண்ணு தங்கணும்னா இடுப்பு வேணாமாடி? அம்புட்டையும் கரைச்சுட்டு எதை வச்சுப் பெப்பா எம்மக?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் எதற்காக நடத்தினேனோ அதற்காகத்தான் அவளும் களி கிண்டியிருக்கிறாள்.

அக்காவே வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அம்மா நிறுத்தினாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லை எடுத்தேன். பலகை இடிக்கவில்லை. அக்காவின் கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கச் சொல்லியும் இறங்காமல் கொஞ்ச நேரம் ஊஞ்சல் மாதிரி ஆடினாள். அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கே சோழவந்தானுக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை அப்பா சட்டை மாட்டும்போதே மச்சானின் சித்தப்பா ஒரு கூடை வெற்றிலையோடு வந்தார். கூடையை வைத்தார், உட்காரவில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. வம்சம்னு ஒண்ணு இருக்குல்ல. பயலுக்கு வேற எடத்துல பொண்ணெடுத்து, திருப்பரங்குன்றத்துல வச்சுக் கல்யாணத்தை முடிச்சுட்டோம். இவளையும் விட்டுற மாட்டோம், பொங்கலுக்குச் சீலை வரும்."

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"அட! புள்ள நல்லா இளைச்சுருச்சே" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

அடுத்த விடியலில் அக்காவை நான் எழுப்பவில்லை. வெயில் ஏறிய பிறகு அவளே எழுந்து அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அம்மா களியை உருட்டி, குழி பறித்து, எண்ணெய் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"இது மருந்தாம்மா, சோறாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சோறுதான்டி, தின்னு" என்றாள்.

அக்கா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மெல்ல மென்று தின்றாள்.