செங்கா தூங்கித் தட்டிய பாட்டு

இது சத்தியமாக நடந்த கதை. நீங்கள் கொட்டாவி விடக்கூடாதே என்று அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் பெய்ஸ்லி ஊர் செங்கா, கோழி எழும் முன்னே ரொட்டிக்கடைக்கு மாவு பிசையப் போவாள். வேலை முடிந்து தூங்க வேண்டியவள், ஸ்ட்ரூவனின் பாட்டுக் குழுவில் டிரம் தட்டப் போவாள். அவர்களை ஏற்றிப்போனது என் மீன் வண்டி. மேடையேறினால் முன்வரிசை காலியாகிவிடும். பாட்டாலா மீனாலா, இன்றுவரை தெரியவில்லை. செங்காவின் கண்ணுக்குக் கீழே தொங்கிய பையில் ஒரு வாரத்து உருளைக்கிழங்கே வாங்கி வரலாம்.

ஒருநாள் ஸ்ட்ரூவன் ஒரு தாள மெஷினைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதுக்குத் தூக்கம் வராது, செங்கா."

"பெட்டி தூக்கி வண்டியில ஏத்துமா?"

"வெளையாடாத. சனிக்கெழம பாட்டு பதியுறோம். அன்னைக்கும் தூங்கி வழிஞ்சேன்னா, அப்புறம் மெஷின்தான்."

அவளுக்கென்று இருந்தது அந்த டிரம் ஒன்றுதான். மீதியெல்லாம் மாவு.

சனிக்கிழமை பாட்டு பதிய, ஊர் மண்டபத்துக்குப் புருவத்தில் மாவோடு வந்தாள். துள்ளல் பாட்டு அது. இரண்டாம் அடியிலேயே அவள் தலை தொங்கியது. கை மட்டும் மெல்ல மெல்லத் தட்டியது. கிட்டாரும் பின்னாலேயே நொண்டியது. நனைந்த கம்பளிக் கோட்டைச் சுமந்தவன்போல ஸ்ட்ரூவன் பாடினான். மறுபடி எடுக்க வழியில்லை; மண்டபத்துக்குப் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் பெண்கள் வந்துவிட்டார்கள். அதையே வானொலிக்கு அனுப்பினோம்.

அறிவிப்பாளர் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார். "என்னா அசதி! வேல முடிஞ்சு ஊரே பாடுற மாதிரி இருக்கு!"

ஸ்ட்ரூவன் மெஷினை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். சாகப்போகும் கடிகாரம்போல இருந்தது. ரொட்டிக்கடைக்கு ஓடினான்.

"செங்கா, நீதான் தட்டணும். அதே மாதிரி, தூங்கிக்கிட்டே."

"அப்ப இந்த மாவு வேலைய நான் விடவே முடியாதா?"

அவள் விடவில்லை. இன்றும் பிசைகிறாள், இன்றும் தட்டுகிறாள்.

நேற்று மதுக்கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பிங்கோ ஆட வந்திருந்த இஸபெல் குறுக்கே பாய்ந்தாள். "நான் கதவுகிட்டயே நின்னேன். இவ கொறட்ட எனக்கே கேட்டுச்சு!"

மூலை மேசையிலிருந்து செங்கா எழுந்தாள். "யாருடி கொறட்ட விட்டது? நான் தூங்கவே இல்ல! அதுதான் என் கடைசிப் பாட்டுன்னு நெனச்சேன். முடிக்க மனசு வராம மெதுவா தட்டினேன்."

ஸ்ட்ரூவன் கோப்பையை மேசையில் இடித்தான். "அப்போ இத்தன வருஷமா, வேலைய விட்றாதன்னு உன் கால்ல விழுந்தேனே!"

"தூங்கினியான்னு நீ ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ முழிச்சிருந்தாத்தானே!"

"கொறட்டதான்!" என்றாள் இஸபெல்.

அதற்குள் அடிதடியில் ஒரு நாற்காலி சாய்ந்தது.