கண்டக்டரின் கால்கள்

ஓடும் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாக எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்த கண்டக்டர், இப்போது நின்ற பஸ்ஸிலேயே தள்ளாடினார். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டு படி இறங்கிவிடுவார்.

டிப்போவில் மூன்று முறை வாயை ஊதச் சொன்னார்கள். "காலங்கார்த்தாலயேவா அண்ணே?" என்று டிரைவர் சிரித்தார். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் இனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நரம்பு டாக்டரும் முதலில் அதையேதான் கேட்டார்.

"எவ்வளவு குடிப்பீங்க?"

"தொட்டதே இல்லைங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

சண்டைக்குப் போகத் தெம்பில்லாமல், கூட வந்த மனைவி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். குடியால் கெட்ட நரம்புக்கென்று எட்டு மாதம் வைட்டமின் ஊசி போட்டார்கள். சுவரைப் பிடித்து நடந்தவர் கைத்தடிக்கு வந்ததுதான் மிச்சம்.

ஸ்கேன் எடுக்கப் போன அன்று அங்கிருந்த ஊழியர், "பல்செட் இருந்தா கழட்டிடுங்க" என்றார். கண்டக்டர் முறைத்தார். பல்செட் மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கால் நோய்க்கு வந்த இடத்தில் பல்லைப் பற்றி யார் சொல்வார்கள்?

லேசில் கழலவில்லை, ஈறு முழுக்கப் பல்செட்டை ஒட்டவைக்கும் பசை. ஈறு தேய்ந்து பல்செட் ஆடியதால், விசில் ஊதும்போது பயணிகள் முன்னால் விழுந்துவிடுமோ என்று அப்பிக்கொள்வார். மனைவி பையிலிருந்து புதுப் பசை டியூபை எடுத்துத் தயாராக வைத்தாள். அந்தப் பக்கம் வந்த நரம்பு டாக்டர் அதைப் பார்த்து நின்றார்.

"இது எத்தனை நாள் வரும்?"

"ரெண்டு நாள். டூட்டிக்குப் போனப்ப அதுவும் வராது."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா வாங்கிக் குடுக்கறேன்."

டாக்டர் பசையின் அட்டையை வாங்கிப் படித்தார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். பசையிலிருந்த துத்தநாகம் உடம்பில் மண்டிப்போய், நரம்புக்கு வேண்டிய செம்புச் சத்தைச் சேரவிடாமல் செய்திருந்தது பத்து நாளில் தெரிந்தது.

"குடின்னு முடிவு கட்டினேன். அதுக்கப்புறம் வேற எதையும் கேக்கல. தப்பு என்னுது" என்றார் டாக்டர்.

"அன்னைக்கே கேட்டிருந்தா?" என்றாள் மனைவி.

"இவ்வளவு தூரம் போயிருக்காதும்மா. பசையை நிறுத்தி மாத்திரை சாப்பிட்டா இனிமே மோசமாகாது. ஆனா போன உணர்ச்சி முழுசா வரும்னு சொல்ல முடியாது."

"ஓடுற பஸ்ல நிக்கலாமா?" என்றார் கண்டக்டர்.

டாக்டர் இல்லையென்று தலையசைத்துவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலை தரச் சொல்லி எழுத ஆரம்பித்தார்.

"சார், குடிப்பழக்கம் இல்லைன்னு ஒரு வரி சேத்துக்குங்க."

"அதுக்கு அவசியமில்லையே."

"உங்களுக்கு இல்ல சார். நான் அதே டிப்போலதான உக்காரணும்."

டாக்டர் அந்த ஒரு வரியை எழுதி, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.